காரணி தெரியாமலே ‘இது பகா எண் இல்லை’ என்று சொல்ல முடியுமா?

பகா எண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘பெரிய எண் ஒன்று பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம், அதனால்தான் உங்கள் வங்கிக் கணக்கு பத்திரமாக இருக்கிறது.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பாதி தப்பு. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்பதை உங்கள் கைப்பேசியே நொடிப்பொழுதில் சொல்லிவிடும். கஷ்டமான விஷயம் வேறு. இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது.

குழப்பம் இயல்பானதுதான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் ஒருநாள் ‘91 பகா எண்ணா?’ என்று கேட்டேன். 2, 3, 5 மூன்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டு ‘ஆமாம்’ என்றாள். இல்லை என்றேன். உடனே எதிர்க்கேள்வி வந்தது: “அப்ப எதால வகுபடும்னு சொல்லுங்க மாமா. அதைச் சொல்லாம எப்படி இல்லன்னு சொல்லுவீங்க?” நியாயமான கேள்வி, பள்ளியில் நமக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் எதால் வகுபடும் என்று தெரியாமலே ‘வகுபடும்’ என்று அடித்துச் சொல்ல முடியும். 27 ஆண்டுகள் அப்படி ஒரு நிலையில் கிடந்த ஓர் எண்ணை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன்.

147573952589676412927

மூன்று சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண் அதன் காரணி. 1, தான் என்ற இரண்டைத் தவிர வேறு காரணி இல்லாத எண் பகா எண். 7, 13, 31 மாதிரி. அப்படி வேறு காரணி இருந்தால் அது பகு எண்; 15 மாதிரி. (1 இரண்டிலும் சேராது, அதை விட்டுவிடுவோம்.)

சதுரங்கப் பலகையில் இன்னும் மூன்று கட்டம்

அரசனிடம் பரிசு கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக்கி 64 கட்டத்தையும் நிரப்பச் சொன்னால் அரசனின் களஞ்சியம் காலி. கேரளத்து அம்பலப்புழைக் கோயில் பாயசத்துக்கே இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

மொத்த நெல் எவ்வளவு? மூன்று கட்டம் வரை கூட்டினால் 1 + 2 + 4 = 7, அதாவது 8-க்கு ஒன்று குறைவு. நான்கு கட்டம் என்றால் 15, 16-க்கு ஒன்று குறைவு. எத்தனை கட்டம் போனாலும் மொத்தம் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதற்கு ஒன்று குறைவாகத்தான் வரும். ஆக முழுப் பலகைக்கு 2⁶⁴ − 1. இங்கே 2⁶⁴ என்பது 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கியது. மேலே சின்னதாக இருக்கும் 64-ஐ அடுக்கு என்போம்.

பலகைக்கு மூன்று கட்டம் கூடுதலாக ஒட்டி 67 ஆக்கினால் வரும் மொத்த நெல்தான் நம் எண், 2⁶⁷ − 1. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 14,75,73,95,25,89,67,64,12,927. வாயால் சொல்வதானால் ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. அளவு பிடிபடவில்லை என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தாளை 67 முறை மடித்ததாகக் கற்பனை செய்யுங்கள். அதன் தடிமனைக் கடக்க ஒளிக்கே ஒன்றரை ஆண்டு ஆகும்.

64 என்றால் சுலபம், 67 என்றால் தலைவலி

மூன்று கட்டம் கூடியதில் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். 2⁶⁴ − 1 பகு எண் என்பதை ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லிவிடலாம். 67-இல் அது முடியாது.

காரணத்தைப் பார்க்க 111111 என்ற எண்ணை எடுங்கள், ஆறு ஒன்றுகள். ஆறை மும்மூன்றாகப் பிரிக்கலாம், ஆகவே 111111 = 111 × 1001. இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம், 111111 = 11 × 10101. ஒன்றுகளின் எண்ணிக்கை சமமாகப் பிரிந்தால் எண்ணும் உடைந்துவிடுகிறது. கணினியின் இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில், 2⁶ − 1 என்ற எண்ணை எழுதினால் அதே ஆறு ஒன்றுகள்தான் வரும். அங்கும் அதே பிரிப்பு நடக்கும். 2⁶ − 1 என்பது 63, அது 7 × 9, அல்லது 3 × 21. ஆக அடுக்கு பகு எண்ணாக இருந்தால் இந்த வகை எண்ணும் பகு எண்ணே. 64 ஒன்றுகள் உள்ள வரிசை பாதியாக, காலாக, எப்படி வெட்டினாலும் பிரியும்.

67 பகா எண். 67 ஒன்றுகளைச் சமமாக வெட்ட வழி இல்லை. இந்த வாசல் மூடிவிட்டது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு வாசல் மூடியிருந்தால் வேறு வாசலே கிடையாது என்று ஆகிவிடுமா? 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இதுவரை: நம் எண் 2⁶⁷ − 1. அடுக்கு பகா எண்ணாக இருப்பதால் சுலபமான காரணி கிடைக்காது. அதனால் மட்டும் அது பகா எண் ஆகிவிடவும் இல்லை.

பாதிரியார் போட்ட பட்டியல்

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரென் மெர்சென் பாரிஸில் இருந்த துறவி. அந்தக் காலத்துக் கணிதக்காரர்கள் பாதிப்பேருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய எண்களை அவர் சோதித்திருக்க முடியாது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும்.

பட்டியலில் ஐந்து பிழைகள். 67, 257 இரண்டும் உள்ளே இருக்கக்கூடாது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. 61 என்று எழுத நினைத்துக் கை தவறி 67 ஆகிவிட்டதோ என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. இருக்கலாம், ஆனால் மற்ற பிழைகளுக்கு அந்தச் சாக்கு உதவாது. இத்தனை தப்போடும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு தப்பான பட்டியல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆட்களை வேலை செய்ய வைத்திருக்கிறது என்றால் அது நல்ல பட்டியல்தான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, 67-ஐ எப்படிச் சோதிப்பது? பள்ளிக்கூட வழியில் 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போக வேண்டும். எண்ணின் வர்க்கமூலம் வரை போனால் போதும், ஆனால் அந்த வர்க்கமூலமே 1,214 கோடியைத் தாண்டுகிறது. முதல் காரணி கிடைக்கும் இடம் வரை போவதற்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். நிமிடத்துக்கு ஒன்று என்று தூங்காமல் செய்தாலும் இருபது ஆண்டு.

கோயில் வாசலில் செருப்பு எண்ணுவது

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். காரணியைப் பார்க்காமல் ‘காரணி இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது?

கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மா மொத்தச் செருப்புகளை எண்ணுகிறார். 387 வருகிறது. ஒற்றைப்படை. அவ்வளவுதான், எங்கோ ஒரு செருப்பு ஜோடியில்லாமல் கிடக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. யாருடையது, எந்த நிறம், இடதா வலதா, எதுவும் தெரியாது. அதைத் தேடிப்பிடிக்க வேண்டுமானால் குவியல் முழுவதையும் கலைக்க வேண்டும். ‘ஒன்று குறைகிறது’ என்று அறிவதற்கு எண்ணினால் போதும்.

பகா எண்ணுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாப் பகா எண்களும் தவறாமல் கடைப்பிடிக்கும் ஒரு விதி தெரிந்து, நம் எண் அந்த விதியை மீறினால் தீர்ந்தது, அது பகா எண் இல்லை. எதால் வகுபடும் என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

மணி கோத்த வளையல்

அப்படி ஒரு விதியை 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கடிதத்தில் சொன்னார். அவர் சொன்ன விதத்தை விட்டுவிட்டு வளையலை வைத்துப் பார்ப்போம்.

ஒரு வளையலில் ஐந்து மணிகள், ஒவ்வொன்றும் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கலாம். மொத்தம் 2⁵ = 32 விதமாகக் கோக்கலாம். முழுச் சிவப்பு, முழு நீலம் இரண்டையும் எடுத்துவிட்டால் மீதி 30. இந்த முப்பதில் எதை எடுத்து ஒவ்வொரு மணியாகச் சுழற்றினாலும் ஐந்து வேறுவேறு தோற்றங்கள் வந்த பிறகுதான் பழைய தோற்றம் திரும்பும். ஆகவே 30-உம் ஐந்தைந்தாகக் கூடி ஆறு குழுக்களாக உட்கார்ந்துவிடுகின்றன.

நான்கு மணி என்றால்? 2⁴ − 2 = 14. நாலு நாலாகப் பிரித்தால் மூன்று குழு போக இரண்டு மிஞ்சும். அந்த இரண்டும் சிவப்பு-நீலம்-சிவப்பு-நீலம், நீலம்-சிவப்பு-நீலம்-சிவப்பு. நாலு மணியை இரண்டு சம துண்டாக்க முடிவதால் இந்தத் தோற்றம் இரண்டே சுழற்சியில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஐந்தைச் சமத் துண்டாக்க முடியாததால் அங்கே இந்தக் கோளாறு வரவில்லை.

விதி இதுதான்: மணிகளின் எண்ணிக்கை பகா எண் என்றால், இரண்டை அத்தனை முறை பெருக்கி 2 கழித்தால் வரும் எண் அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். வேறுவிதமாகச் சொன்னால், 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். வராவிட்டால் அது பகு எண். சின்ன எண்களுக்கு (3-லிருந்து தொடங்கி) நீங்களே போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

மீதி மட்டும் போதும்

‘91-க்கு இதைச் செய்ய 2⁹¹ கணக்கிட வேண்டாமா, அது 28 இலக்க எண்ணாச்சே’ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். இன்று செவ்வாய் என்றால் நூறு நாள் கழித்து என்ன கிழமை என்று கேட்டால் நாம் நாட்காட்டியைப் புரட்டுவதில்லை. நூறில் பதினான்கு வாரம் போக மீதி இரண்டு, ஆகவே வியாழன். முழு வாரங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பெருக்கலிலும் இப்படியே செய்யலாம், ஒவ்வொரு படியிலும் முழுப் பங்குகளைக் கழித்துவிட்டு மீதியோடு தொடரலாம். எண் பெருக்கவே பெருக்காது.

2¹² = 4096. இதை 91-ஆல் வகுத்தால் 45 முறை போக மீதி 1. நல்ல அதிர்ஷ்டம். 2⁹¹ என்பது 2¹²-ஐ ஏழு முறை பெருக்கி அதோடு 2⁷-ஐயும் பெருக்கியது (12 × 7 + 7 = 91). அந்த ஏழும் 1, 1, 1 என்று கரைந்துவிட, மிஞ்சுவது 2⁷ = 128. அதில் 91 போனால் 37.

மீதி 2 வரவில்லை, 37 வந்தது. 91 பகா எண் இல்லை. இவ்வளவு நேரம் 7 × 13 என்ற பேச்சே எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்கா மகள் இதைக் கேட்டுவிட்டு ‘இதுக்கு ஏழால வகுத்திருக்கலாமே’ என்றாள். 91-க்குச் சரிதான். 21 இலக்க எண்ணுக்கு எந்த ஏழால் வகுப்பது?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சோதனையில் தோற்றால் நிச்சயம் பகு எண், ஆனால் தேறிவிட்டால் பகா எண் என்று சொல்லிவிட முடியாது. செருப்பு எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால் இரண்டு ஒற்றைச் செருப்புகள் காணாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டல்லவா, அது மாதிரி. 341 = 11 × 31; ஆனாலும் அது இந்தச் சோதனையில் மீதி 2 காட்டி நல்லபிள்ளையாகத் தேறிவிடும். வேடிக்கை என்னவென்றால் நம் 2⁶⁷ − 1 என்ற எண்ணும் அப்படிப்பட்ட கில்லாடி. 2⁶⁷-ஐ அதால் வகுத்தால் மீதி 1 என்பது அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது, அதனால் இரண்டை வைத்துச் செய்யும் சோதனையில், அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்கள் ஒன்றுகூட மாட்டாது. அவற்றைப் பிடிக்கத் தனிப் பொறி வேண்டும்.

இதுவரை: எல்லாப் பகா எண்களும் பின்பற்றும் விதியை மீறும் எண் பகு எண். அந்தச் சோதனைக்கு மீதிகள் மட்டும் போதும், காரணி வேண்டாம். சில பகு எண்கள் ஒரு சோதனையை ஏமாற்றும், அப்போது கூர்மையான சோதனைக்குப் போக வேண்டும்.

லூகாஸின் பொறி

அந்தப் பொறியைச் செய்தவர் எத்வார் லூகாஸ், ஆண்டு 1876. பின்னர் 1930 வாக்கில் டெரிக் லேமர் அதை மிக எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வடிவம் இப்படி: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். நாம் சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்து முடிக்கும்போது மீதி 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். ஏன் இப்படி அமைகிறது என்பது கல்லூரிக் கணிதம், இங்கே வேண்டாம். இந்தச் சோதனை இரண்டு பக்கமும் சத்தியம் தவறாதது என்பது மட்டும் போதும்.

2⁵ − 1 = 31-க்கு மூன்று தடவை. 4-லிருந்து 14. அடுத்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 64 − 2 = 62, மீதி 0. பகா எண்.

2047-க்கு ஒன்பது தடவை. 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை, 1736. பகு எண். அந்த 1736-ஐ எப்படித் திருப்பிப் பார்த்தாலும் 23-ஓ 89-ஓ அதில் தெரியாது. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சாட்சி இது.

67-க்கு இந்த முறையில் 65 தடவைதான். 21 இலக்க எண்களைக் கையால் வர்க்கப்படுத்துவது அலுப்பான வேலை, ஆனால் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஒரு கோடி வகுத்தல் எங்கே, 65 வர்க்கம் எங்கே. லூகாஸ் தன் வழியில் கணக்குப் போட்டு 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று அறிவித்தார். மெர்சென் பட்டியலில் முதல் பிழை இப்படித்தான் வெளியே வந்தது. அதே ஆண்டில் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண்தான் என்றும் காட்டினார். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

சரி, 2⁶⁷ − 1 எதால் வகுபடும்? லூகாஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகள்

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேச வேண்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல், தலைப்பு பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி. பின்னாளில் எழுதப்பட்டுப் பிரபலமான கதைப்படி, அவர் வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போனார். 2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்து எழுதினார். பிறகு பலகையின் மறுபக்கத்தில்

193707721 × 761838257287

என்று எழுதி, படிப்படியாகக் கையால் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் எழுந்து கைதட்டியது. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிறகு கேட்டதற்கு ‘மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். எண்கள் கலப்படமில்லாதவை.

நீங்களே சரிபார்க்கலாம், ஆனால் விரிதாள் செயலியில் போடாதீர்கள். அவை பெரும்பாலும் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை, கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். தாத்தா காலத்து ஒன்பது சோதனையை முதலில் செய்து பாருங்கள். 193707721-இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, மறுபடி கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவது எண்ணுக்கு 64, அதுவும் 10, பிறகு 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் 1. நம் 21 இலக்க எண்ணைக் கூட்டினால் 109, அதிலிருந்து 10, பிறகு 1. பொருந்துகிறது. (இதுவும் செருப்பு எண்ணும் வகைதான். பொருந்தாவிட்டால் பெருக்கல் நிச்சயம் தப்பு, பொருந்தினால் சரி என்ற உத்தரவாதம் கிடையாது. முழுதாகச் சரிபார்க்கப் பேனா பிடிக்கத்தான் வேண்டும், அரை மணி போதும்.)

கோல் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டு போகவில்லை. 2⁶⁷ − 1 போன்ற எண்ணின் எந்தக் காரணியும் அடுக்கின் இரு மடங்கான 134-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். 2047-இல் பார்த்தால் புரியும்: அடுக்கு 11, இரு மடங்கு 22, காரணிகள் 23-உம் 89-உம் 22-ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன. அதோடு, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இந்த இரண்டு சல்லடையில் சலித்தால் 193707721 வரை நிற்பவை ஏறத்தாழ 7 லட்சத்து 23 ஆயிரம் எண்கள். கோலிடம் இவற்றைவிட நுட்பமான சல்லடைகளும் இருந்தன, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் போதாது. கிடைத்த காரணி 134 × 1445580 + 1. அந்த நீளமான வரிசையில் பதினான்கு லட்சத்துக்கும் அப்பால் உட்கார்ந்திருந்தது.

இதுவரை: பகு எண் என்று தெரிந்தது 1876-இல், காரணி தெரிந்தது 1903-இல். நடுவில் 27 ஆண்டு. காரணிகளைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பெருக்கிச் சரிபார்க்க அரை மணி.

வங்கிக்கு எது தேவை

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் பூட்டாக்கினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். முந்நூறு இலக்கத்துக்கு மேல் உள்ள இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்கினால் 617 இலக்க எண் கிடைக்கும். அந்தப் பெருக்குத்தொகையை ஊருக்கே அறிவிக்கலாம், அது பூட்டு. அதை வைத்து யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க அந்த இரண்டு காரணிகள் வேண்டும்.

அந்த இரண்டு முந்நூறு இலக்கப் பகா எண்கள் எங்கிருந்து வருகின்றன? கணினி குருட்டாம்போக்கில் ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணை எடுத்து, ஃபெர்மாவின் வளையல் சோதனையின் கூர்மையான தம்பிகளை வைத்துச் சோதிக்கும். தோற்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். சில நூறு முயற்சியில் ஒன்று மாட்டும், எல்லாம் நொடிக் கணக்கு. அதாவது பகா எண்ணா என்று சோதிப்பது சுலபமாக இருப்பதால்தான் பூட்டே செய்ய முடிகிறது. பூட்டு உடையாமல் இருப்பதற்குக் காரணம் காரணிப்படுத்துவது கஷ்டமாக இருப்பது. வாட்ஸ்அப் வரி இந்த இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது. பகா எண் சோதனை உண்மையிலேயே கஷ்டமாக இருந்திருந்தால் ஆர்.எஸ்.ஏ. என்று ஒன்று வந்திருக்கவே முடியாது.

சோதனை விரைவில் முடியும் என்பதற்கு ஐயமற்ற நிரூபணம் கொடுத்தது 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும். எந்த எண்ணையும் அதிர்ஷ்டத்தை நம்பாமல், நிரூபிக்கப்படாத எதையும் துணைக்கு அழைக்காமல், இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான நேரத்தில் தீர்த்துவிடலாம் என்று காட்டினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள். காரணிப்படுத்தும் கேள்விக்கு சாதாரணக் கணினியில் இப்படி ஒரு வேகமான வழி கிடைக்கவில்லை. அப்படி வழியே கிடையாது என்று நிரூபித்தவரும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். குவாண்டம் கணினிக்கு ஒரு வழி உண்டு என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார், அதற்கேற்ற பெரிய கருவிதான் இன்னும் வரவில்லை.

கஷ்டம் எவ்வளவு என்று கேட்டால்: 1977-இல் சவாலாக வைக்கப்பட்ட 129 இலக்க எண் 1994-இல்தான் உடைந்தது, அதற்கு அறுநூறு தன்னார்வலர்கள் இணையம் வழியே கணினிகளைக் கொடுத்து உதவினார்கள். 250 இலக்க எண் ஒன்று 2020-இல் உடைந்தபோது, கணினிச் சில்லுக்குள் கணக்கிடும் ஒரே ஓர் உள்ளகம் (core) மட்டும் தனியாக ஓடினால் ஏறத்தாழ 2,700 ஆண்டு பிடிக்கும் அளவு கணக்கீடு தேவைப்பட்டது. நடப்பில் இருப்பது 617 இலக்கம்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: உலகின் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தால் ரகசியக் குறியீட்டுக்கு உதவும் என்பது. 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று அறிவிக்கப்பட்டது, இலக்கங்கள் மட்டும் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320. லூகாஸ், லேமர் சோதனைதான் அதிலும் சாட்சி. ஆனால் செய்தித்தாளில் வந்த எண்ணைச் சாவியாக வைப்பது வீட்டுச் சாவியை வாசலில் ஆணியடித்து மாட்டுவது மாதிரி. இதைத் தேடுவது சும்மா ஆசைக்காக, அதில் தப்பொன்றும் இல்லை.

இன்னும் ஞாயிற்றுக்கிழமை வராத எண்

இன்றைக்கு 2⁶⁷ − 1-ஐ ஒரு சாதாரண மடிக்கணினி ஒரு நொடிக்குள் உடைத்துவிடும். லூகாஸுக்கும் கோலுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி மட்டும் போய்விடவில்லை, பெரிய எண்களுக்கு நகர்ந்திருக்கிறது. 2¹²⁷⁷ − 1 என்று ஓர் எண் இருக்கிறது, 385 இலக்கம். சோதனையில் தோற்றுவிட்டது, பகு எண் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. உலகம் முழுவதும் பலர் பல ஆண்டுகளாகக் கணினிகளை ஓடவிட்டுத் தேடியும் இதை எழுதும் வரை அதன் காரணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுக்கின் இரு மடங்கு 2554. ஆகவே அந்தக் காரணி எதுவாக இருந்தாலும் 2554-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். “அப்ப மீதி மட்டும் தெரியும், ஆள் தெரியாதா?” என்றாள்.